செப்பும் சீனாக் கிண்ணமும்

அழைப்பிதழ் வாட்சப்பில் வந்தது. துடியலூரில் இருக்கும் சரோஜா அக்காவின் பேத்தி இனியாவுக்குக் காது குத்து. மண்டபத்தின் பெயர், நேரம், தாய்மாமன்மார் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. விருந்து பற்றிய வரிக்கு மேலே, சிவப்பு எழுத்தில் இன்னொரு வரி: ‘மலேசியா மாலதி அவர்களின் மாயாஜால நிகழ்ச்சி நடைபெறும்.’

மாலதி நான்தான். பினாங்கில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. அந்த வரியைப் படித்தபோது என் வலது கை மேசைமேல் கிடந்தது. அதன் மோதிர விரலும் சுண்டு விரலும் பாதி மடங்கியபடியே இருந்தன. ஒன்றரை வருடமாக அப்படித்தான் இருக்கின்றன. மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்ததில் நரம்பு அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்து ஒட்டினார்கள். மூன்று விரல் திரும்பி வந்தது, இரண்டு வரவில்லை.

இரண்டு விரல் போனாலும் எழுதலாம், சமைக்கலாம். என்னால் முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். மூன்று குவளைகளைக் கவிழ்த்து வைத்து, அவற்றுக்கு அடியில் சின்னப் பந்துகளை மறைய வைத்து, இடம் மாற்றி, கடைசியில் குவளையைத் தூக்கினால் யாரும் எதிர்பார்க்காத பெரிய பொருள் ஒன்று இருக்கும் வித்தை. வகுப்பில், கோயில் மண்டபத்தில், ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் என்று இருபது வருடத்துக்கு மேல் செய்திருக்கிறேன். நான் பழகியது வெள்ளைக்காரர்கள் முறை. மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, வாய் அகன்ற செம்புக் குவளைகளை உடம்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். அப்போது பந்து எங்கே இருக்கும் என்றால், அந்த இரண்டு விரலின் மடிப்பில். இதற்கு மேல் ரகசியம் சொல்ல மாட்டேன்.

சரோஜா அக்காவின் தாத்தாவும் என் தாத்தாவும் உடன்பிறந்தவர்கள். என் தாத்தா ரப்பர்த் தோட்டத்துக்குக் கப்பலேறினார், அவர் தாத்தா பருத்திக் காட்டிலேயே இருந்துகொண்டார். ஆறு வருடத்துக்கு முன் நான் கோவை போனபோது அக்கா வீட்டுக் கூடத்தில் குவளை வித்தையைச் செய்து காட்டியிருந்தேன். அதை நினைவில் வைத்துத்தான் அழைப்பிதழில் போட்டுவிட்டார். விபத்தைப் பற்றிச் சொல்லியிருந்தேன். கை இப்படி ஆனதைச் சொல்லவில்லை. நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனாலும் பெட்டியில் குவளைகளை எடுத்து வைத்தேன். எதற்கு என்று கணவர் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலையில் அக்காவின் மகன் பிரபு காரோடு விமான நிலையத்துக்கு வந்திருந்தான். பம்ப் மோட்டாருக்கு உதிரிப் பாகம் செய்யும் சின்னப் பட்டறை அவனுடையது. போகும் வழியெல்லாம் வாரண்டி, செம்பு விலை, புதுப் பாலம் என்று பேசிக்கொண்டே வந்தான். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு ‘ங்க’. காரின் குறுக்கே புகுந்த ஸ்கூட்டர்க்காரரைத் திட்டும்போதுகூட, “ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா?” என்றான். பினாங்கில் இதற்குக் கை காட்டுவார்கள், அந்தச் சைகையை இங்கே விளக்க முடியாது.

மதியம் அரிசிம்பருப்புச் சாதம். அரிசியையும் பருப்பையும் ஒன்றாகக் குக்கரில் வைத்து, மேலே நெய் ஊற்றி, பக்கத்தில் கத்தரிக்காய்ப் பொரியலும் அப்பளமும். எங்கள் ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்பார்கள். இங்கே கேட்பதே இல்லை, தட்டைப் போட்டுவிடுகிறார்கள். சாதம் சூடாக, குழைவாக இருந்தது. என் கையில் நிற்கவில்லை. மடங்கிய இரண்டு விரலுக்கும் நடுவில் இருக்கும் சந்து வழியாகத் தட்டில் விழுந்தது. மூன்று முறை விழுந்த பிறகு நிமிர்ந்தேன். அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடித்து நான் கை கழுவப் போனபோது சமையலறையில் அக்காவும் பிரபுவும் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டில் ஒரம்பரை, அதாவது விருந்தாளிகள், வந்தால் தமிழ், தங்களுக்குள் தெலுங்கு. பேசியது இதுதான்.

“கையைப் பாத்தியா? அந்தக் கையில அது எப்படிடா வித்தை செய்யும்?”

“சித்தி ஒண்ணும் சொல்லலையே.”

“எப்படிச் சொல்லும்? நாமதான் கேக்காம பத்திரிகையில போட்டுட்டோமே. முந்நூறு பேர் முன்னாடி அது கூனிக் குறுகி நிக்கக் கூடாது. மதுக்கரையில அந்த மேஜிக்காரர் இருக்கிறாரே, ஸ்கூல் வேன் ஓட்டுறவர். அவரைச் சொல்லி வெச்சுடு. சித்திக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கலாம்.”

என் அம்மா கடைசி வரைக்கும் என்னோடு தெலுங்கில்தான் பேசினாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. நான் ஈரக் கையோடு சமையலறை வாசலில் போய் நின்று, எனக்கு வரும் அரைகுறைத் தெலுங்கில் கேட்டேன்: “அக்கா, அவர் நம்பரை எனக்குக் கொடுங்க. நானே பேசிக்கிறேன்.”

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “அய்யய்யோ, உனக்குப் புரியுமா கண்ணு?” என்றார் தமிழில். பிறகு என் வலது கையைப் பிடித்து, அந்த இரண்டு விரலையும் நீவிவிட்டபடி, “என்றகிட்டச் சொல்லியிருக்கலாமல்லோ” என்றார். நான் சொல்லியிருக்கலாம்தான். கோபம் வந்தது உண்மை. அவர்மேல் இல்லை.

அந்த மேஜிக்காரர் பெயர் பழனிச்சாமி. போனில் கூப்பிட்டபோது, காலை ட்ரிப் முடிந்து மதியம் மூன்று மணி வரை வீட்டில்தான் இருப்பேன், வாங்க என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. எனக்கும் எதற்கு என்று சரியாகத் தெரியாது. எனக்குப் பதிலாக வரப்போகிறவரைப் பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காரைக் கொடுக்கிறேன் என்றான் பிரபு. வேண்டாம், பஸ்ஸில் போகிறேன் என்று வீம்பு பிடித்தேன். துடியலூரிலிருந்து உக்கடம் வரை ஒரு தனியார் பஸ். பாட்டுச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பினாங்கு பஸ்களில் குளிர்சாதனமும் அமைதியும் உண்டு, ஆனால் யாரும் தன் பையை என் மடியில் வைத்து “கொஞ்சம் புடிச்சுக்குங்க” என்று சொன்னதில்லை. இங்கே உக்கடம் வருவதற்குள் என் மடியில் இரண்டு பைகளும் ஒரு கட்டு முருங்கைக்கீரையும் இருந்தன.

உக்கடத்தில் “மதுக்கரை போகுமா?” என்று கேட்டேன். பதில் சொன்னவர் எந்த பஸ்ஸைக் கைகாட்டினார் என்பதில் குழப்பம். நான் ஏறியது பாலக்காட்டு எக்ஸ்பிரஸ். டிக்கெட் எடுக்கும்போதுதான் கண்டக்டர் சொன்னார்: “ஏனுங்க்கா, இது மதுக்கரையில நிக்காதுங்களே. எட்டிமடையில எறக்கி உட்டுட்டுமாங்?”

அதட்டாமல், ஏதோ விருந்துக்குக் கூப்பிடுவது போலக் கேட்டார். சரி என்றேன். மதுக்கரை ஜன்னலுக்கு வெளியே கடந்து போனதைப் பார்த்தேன். எட்டிமடையில் இறங்கியபோது மலை மிகப் பக்கத்தில் இருந்தது, காற்றும் நன்றாக இருந்தது, திரும்பிப் போகும் பஸ்தான் முக்கால் மணி நேரம் இல்லை. இளநீர்க் கடைக்காரர் உட்காரச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார். இளநீரைப் பிடித்துக் குடிக்கவும் எனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

பழனிச்சாமிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வாசலில் மஞ்சள் வேன் நின்றது. முன் அறையில் கோரைப் பாய் விரித்து, ஒரு சிவப்புத் துணிப் பையும் தயாராக வைத்திருந்தார். நான் வேறு ஏதோ நிகழ்ச்சிக்குப் பேச வந்திருப்பதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, நான் உட்கார்ந்ததும் வித்தையை ஆரம்பித்துவிட்டார்.

பையிலிருந்து மூன்று மரக் கிண்ணங்கள் வந்தன. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குமிழ். “இதுக்குச் செப்புன்னு பேருங்க” என்றார். செப்பிடு வித்தை, செப்பிடு வித்தை என்று பத்திரிகையில் ஆயிரம் முறை படித்திருக்கிறேன், யாரோ ஓர் அரசியல்வாதியைத் திட்டுவதற்கு. அந்தச் சொல்லில் வரும் செப்பு இதுதான் என்று அன்றுதான் உறைத்தது. நான் இருபது வருடம் செய்ததற்கு என் மொழியிலேயே பெயர் இருந்திருக்கிறது.

அவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, குமிழை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கவ்விச் செப்பைத் தூக்கினார். பந்துக்குப் பதில் துணி உருண்டைகள். பேச்சு வேறு மாதிரி இருந்தது. பினாங்கில் எங்கள் தெருவில் கோயில் முன்னால் ஒரு சீனக் கிழவர் இதே வித்தையை இரண்டு பீங்கான் கிண்ணமும் ஐந்து விதையும் வைத்துச் செய்வார். கையில் ஒரு சாப்பாட்டுக் குச்சி, அதால் கிண்ணத்தைத் தட்டி, விதைகளைச் சோம்பேறிகள் என்று திட்டிக்கொண்டே இருப்பார். கோலாலம்பூரில் ஒரு கூட்டத்தில் எகிப்துக்காரர் ஒருவர் செய்து பார்த்தேன். அவருக்குப் பந்தே பிடிக்காது, கோழிக்குஞ்சுதான். பார்க்கிறவர் சட்டைக் காலரிலிருந்தெல்லாம் குஞ்சு எடுத்தார். நான் செய்யும்போது பந்துக்கு உத்தரவு போடுவேன், ஓடு, மறை என்று. பழனிச்சாமி உருண்டையிடம் மரியாதையாகப் பேசினார்.

“ஏனுங்க, உள்ளாறதான் இருக்கறீங்களா? ஒரம்பரையெல்லாம் வந்திருக்குதுங்க. கொஞ்சம் வெளிய வந்துட்டுப் போங்க.”

செப்பைத் தூக்கினார். உருண்டை வந்திருந்தது. “வந்துட்டாங்க பாருங்க” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அவர் கையைப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவர் மோதிர விரலும் சுண்டு விரலும் எதுவுமே செய்யவில்லை. சும்மா கூடவே இருந்தன.

நான் யார் என்று அப்போதுதான் சொன்னேன், எங்கள் ஊர்ச் சீனக் கிழவரின் கிண்ண வித்தையைப் பற்றியும் சொன்னேன். கையை நீட்டினேன். அவர் அய்யோ என்று சொல்லவில்லை. மெக்கானிக் வண்டியைப் பார்ப்பது போல விரலைத் தூக்கியும் மடக்கியும் பார்த்தார். “பெருவிரலும் இந்த ரண்டும் நல்லாருக்குதுங்களா? அப்பச் செப்புக்குப் போதுமுங்க” என்றார்.

“ஞாயித்துக்கிழமை காது குத்துல நான் செய்யணும்” என்றேன்.

அவர் முகம் மாறியது. அதுவரை எனக்கு அது தோன்றவில்லை. நான் செய்தால் அவர் எதற்கு? நான் நம்பர் வாங்கியும், எதற்கும் இருக்கட்டும் என்று பிரபு நேற்றே அவரிடம் பேசிவிட்டிருந்தான். வேன் ஓட்டுநர்கள், உறவுக்காரர்கள் என்று பத்துப் பேரிடம் அவர் சொல்லிவிட்டிருக்கிறார், துடியலூரில் பெரிய மண்டபம் என்று.

“நீங்களும் வாங்க. மற்றதெல்லாம் நீங்க செய்யுங்க. செப்பு மட்டும் நான்.”

“மத்ததெல்லாம் என்னங்க்கா இருக்குது? காயிதப் பூவு, கவுத்து முடிச்சு. எம்பட ஷோவுல செப்புதாங்க ஷோவு.” குரல் உயரவில்லை. செப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மறுபடி பிரித்து வைத்தார். “ட்ரிப்புக்கு நேரமாச்சுங்க. போய்ட்டு வாரனுங்க. நீங்க இருந்து பழகிப் பாருங்க.” செப்புகளை என் பக்கமாகத் தள்ளிவிட்டு எழுந்து போனார். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

நான் பாயில் உட்கார்ந்தேன். ஐம்பத்து நான்கு வயதில் சம்மணம் போடுவதே ஒரு வித்தை. குமிழைக் கவ்வினேன், விழுந்தது. மறுபடி கவ்வினேன். பழனிச்சாமியின் மனைவி சாந்தி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். உருண்டையைச் செப்புக்குள் அனுப்பினேன்.

“தெரியுதுங்க்கா” என்றாள்.

இன்னொரு முறை. “தெரியுதுங்.” இருபது முறைக்கு மேல் அதையே சொன்னாள், அங்கேயே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே. ஒரு தடவைகூடப் பரவாயில்லை என்று சொல்லவில்லை. “அவரு செப்ப ஊதறப்பத்தானுங்க உருண்டையப் போடுவாரு” என்று ஒரு முறை சொன்னாள். அதற்குப் பிறகு வாயையும் கையையும் சேர்த்துப் பழகினேன். விரல் எரிந்தது. முட்டி மரத்துப் போனது. ஒரு கட்டத்தில் செப்பைத் தூக்கி, ஊதி, வைத்தபோது கதவுப் பக்கம் சத்தமே இல்லை. திரும்பினேன். சாந்தி கத்தியை நிறுத்தியிருந்தாள்.

“எப்பப் போட்டீங்?” என்றாள்.

அழக் கூடாது என்று டீயை எடுத்துக் குடித்தேன். அது ஆறி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

பழனிச்சாமி பொழுது சாய்ந்த பிறகுதான் திரும்பினார். நான் செய்வதை நின்றபடியே முழுதாகப் பார்த்தார். பிறகு எதிரில் உட்கார்ந்து, “நீங்க சொன்னீங்களே, சீனாக்காரரு கிண்ணம். அது உங்களுக்குத் தெரியுங்களா?” என்று கேட்டார்.

எனக்கு அடிப்படை தெரியும். அந்த இரண்டு விரலும் நன்றாக இருந்த காலத்தில் அந்தக் கிழவரைப் பார்த்துப் பார்த்துப் பழகியது. இப்போது கை செய்யாது, ஆனால் வாயால் சொல்ல முடியும். சாந்தியிடம் பீங்கான் கிண்ணம் இரண்டு கேட்டேன். தயிர்க் கிண்ணம் வந்தது. விதைக்குப் புளியங்கொட்டை, குச்சிக்குப் பென்சில். நான் சொல்லச் சொல்ல அவர் செய்தார். முதல் அரை மணியிலேயே நான் ஆறு மாதம் எடுத்துக்கொண்ட இடத்துக்கு வந்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

“செப்ப நீங்க வெச்சுக்குங்க” என்றார் கடைசியில். “நான் சீனாக் கிண்ணம் பண்றனுங்க. கோயமுத்தூருல ஒருத்தனும் பண்ணலீங்க இத.”

அவருடைய செப்புகள் அவர் கைக்கு ஏற்றவை. குமிழ் எனக்குப் பருமன். மாதிரிக்கு ஒன்றை வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் அதைப் பிரபுவின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். எங்கள் ஊரில் இப்படி ஒன்று வேண்டுமென்றால் இணையத்தில் பதிவுசெய்து மூன்று வாரம் காத்திருப்பேன். பிரபு செப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்து ஒரு பழைய பில்லின் பின்பக்கம் குறித்தான்.

“இது எதுக்கு சித்தி? தண்ணி நிக்கோணுமா?”

“உருண்டை நிக்கணும்.”

ஆட்களை விடாமல் சட்டைக் கையை மடித்துவிட்டு அவனே லேத்தில் நின்றான். அவனை அங்கே பார்த்து நாலு வருடம் ஆகிறது என்று பக்கத்து மிஷினில் இருந்தவர் சொன்னார். பித்தளைத் தண்டில் முதல் செப்பு வந்தது. அழகாக, கண்ணாடி போல. குமிழ் வழுக்கியது. குமிழில் நூல் கனத்துக்கு வரி போடச் சொன்னேன். உள்பக்கம் பளபளப்பு வேண்டாம், உருண்டையின் நிழல் தெரியும் என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. மூன்றாவதை முடித்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. பட்டறை வாசலில் இருந்த தள்ளுவண்டியில் காளான் வாங்கிக் கொடுத்தான். காளானை விட முட்டைக்கோஸ் அதிகம் இருந்தது, இருந்தும் இரண்டு தட்டு சாப்பிட்டேன். மீதிப் பொழுதெல்லாம் அக்கா வீட்டு மாடியில் பழகினேன். அக்கா மேலே வரவே இல்லை. அவருக்குப் பார்க்கப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. இனியா தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, ஆசாரி வருவதற்கு முன்பே அழ ஆரம்பித்து, காது குத்தியதும் சட்டென்று நிறுத்திவிட்டாள். இவ்வளவுதானா என்பது போல எல்லாரையும் பார்த்தாள். பிறகு மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள்.

மேடைக்கு வந்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். நான் தரையில் உட்கார்ந்து செய்தால் பின் வரிசைக்குத் தெரியாது என்று, வீடியோக்காரர்கள் ஒரு கேமராவை எனக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். அதில் தெரிவது மேடைக்குப் பின்னால் இருக்கும் பெரிய எல்இடி திரையில் வரும். திரும்பிப் பார்த்தேன். என் கை பத்தடி உயரத்துக்கு இருந்தது. மடங்கிய இரண்டு விரலும் ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம். முன் வரிசையில் யாரோ “கையில என்னாச்சு?” என்று கேட்பது காதில் விழுந்தது.

“கேமராவை எதிர்ல வெச்சுக்குங்க தம்பி, பக்கத்துல வேண்டாம்” என்று மட்டும் சொன்னேன். அவர் இரண்டடி நகர்ந்தார். எனக்கு வேண்டியது நாலடி.

முதல் பகுதி சரியாக வந்தது. உருண்டை இடம் மாறியது, இரண்டு ஒன்றானது, ஒன்று மூன்றானது. பழனிச்சாமி மாதிரியே உருண்டையைக் கும்பிட்டு வரவேற்றேன். என் பினாங்குத் தமிழில் ‘ங்க’ தப்புத் தப்பான இடத்தில் விழுந்தது, அதற்கே ஜனங்கள் சிரித்தார்கள். கைதட்டல் வந்தது. பெரிய பொருள் வர வேண்டிய கடைசிப் பகுதிக்கு முன்னால் ஒரு மூச்சு விட்டேன். உருண்டையைக் கையில் எடுத்தேன்.

அது விழுந்துவிட்டது.

விரல் மரத்திருந்தது, நான் உணரவே இல்லை. பாயில் விழுந்து, மேடையின் ஓரத்துக்குப் போய், ஒரு படி, இரண்டாவது படி என்று குதித்து, முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் செருப்பில் முட்டி நின்றது. சிவப்பு உருண்டை, வெள்ளைத் தரை. மண்டபம் முழுவதும் ஒரு ‘ச்சு’ சத்தம். அவர்கள் எனக்காக வருத்தப்படுவது தெரிந்தது. தூணுக்குப் பக்கத்தில் சரோஜா அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

என்ன சொல்கிறேன் என்று யோசிக்காமலே சொன்னேன்: “ஏனுங்க, எங்கீங்க கெளம்பிட்டீங்க? இன்னும் பந்திக்கே கூப்புடலீங்களே!”

மண்டபமே சிரித்தது. வீடியோக்காரர் என்ன நினைத்தாரோ, கேமராவை உருண்டைப் பக்கம் திருப்பிவிட்டார். திரையில் இப்போது என் கை இல்லை. பெரியவரின் செருப்பும் உருண்டையும் இருந்தன. பெரியவர் குனிந்தார். முதுகு வலியோ என்னவோ, நிதானமாகக் குனிந்தார். எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உருண்டையைப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். முந்நூறு பேரும் திரையில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்னை யாரும் பார்க்கவில்லை. இருபது வருடத்தில் எனக்கு இவ்வளவு நேரம் யாரும் கொடுத்ததில்லை. அவசரமே இல்லாமல், என் இடது கையாலேயே, செய்ய வேண்டியதைச் செய்தேன்.

பெரியவர் உருண்டையை மேடைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். “பத்தரமா வெச்சுக்கங்க அம்மணி” என்றார். அவரையே முதல் செப்பைத் தூக்கச் சொன்னேன். உள்ளே ஒரு நாட்டுத் தக்காளி. இரண்டாவதில் ஒன்று. மூன்றாவதை அவர் தூக்கவே பயந்தார், இனியாவைக் கூப்பிட்டுத் தூக்க வைத்தோம். அவள் தக்காளியை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடிவிட்டாள். அதைத் திரும்ப வாங்க முடியவில்லை.

அடுத்துப் பழனிச்சாமி தயிர்க் கிண்ணங்களோடு வந்தார். பினாங்குக் கிழவர் திட்டிய விதைகளை அவர், “கோவிச்சுக்காம இந்தக் கிண்ணத்துக்கு வந்துடுங்க” என்று கேட்டுக்கொண்டார். நடுவில் ஒரு இடம் மறந்துபோய், பென்சிலால் இரண்டு தட்டு அதிகமாகத் தட்டிச் சமாளித்தார். எனக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்கும். கிழவர் பார்த்திருந்தால் பழனிச்சாமியையும் சேர்த்துத் திட்டியிருப்பார், பிறகு தேநீர் வாங்கிக் கொடுத்திருப்பார்.

பந்தியில் பழனிச்சாமி எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். ஒப்புட்டு என்கிற போளியை வைத்துவிட்டுப் போனார்கள். எதிரில் சரோஜா அக்கா நின்றுகொண்டு என் இலையில் நெய் ஊற்றிக்கொண்டே இருந்தார், போதும் என்றாலும் கேட்கவில்லை. அவர் நகர்ந்ததும் பழனிச்சாமி குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்க்கா, அந்த உருண்டைய வேணும்னேதானுங்க உட்டீங்க?”

அவர் முகத்தில் அவ்வளவு மரியாதை இருந்தது. நான் ஒப்புட்டைப் பிட்டேன். “ஆமாங்க” என்றேன்.

“அதானே பாத்தேன். நானும் எம்பட ஷோவுல போட்டுக்கறனுங்க அத.”

செவ்வாய்க்கிழமை ஊர் திரும்பினேன். அடுத்த மாதமே ஆஸ்பத்திரியில் குழந்தைகள் முன்னால் தரையில் உட்கார்ந்து பிரபுவின் பித்தளைச் செப்புகளை வைத்துச் செய்தேன். கடைசிப் பகுதிக்கு முன்னால் உருண்டையை வேண்டுமென்றே விட்டேன். அது என் காலடியிலேயே நின்றுகொண்டது. அடுத்த முறை கொஞ்சம் தள்ளிவிட்டேன். தள்ளியது தெரிந்தது, ஒரு பெண் குழந்தை “நீங்களே போட்டீங்க” என்றாள்.

ஒரு நாள் மதியம் பழனிச்சாமி போன் செய்தார். வேனில் இருந்தார் போலிருக்கிறது, ஹார்ன் சத்தம் கேட்டது.

“அக்கா, நானும் நாலு ஷோவுல உட்டுப் பாத்துட்டனுங்க. ஒருத்தரும் சிரிக்க மாட்டீங்கறாங்க. உருண்டையும் ஓட மாட்டீங்குதுங்க. நீங்க எப்படிங்க உட்டீங்க?”

இனியும் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. “நான் விடலைங்க. கையில இருந்து தானா விழுந்துடுச்சு. அன்னைக்கு உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்” என்றேன்.

அந்தப் பக்கம் வேன் என்ஜினை அணைக்கும் சத்தம் கேட்டது.

“அப்படீங்களா” என்றார் பழனிச்சாமி. “ஆனா நல்லா உட்டீங்கக்கா.”